வட்டார வழக்கும் சிவப்பு மையும்

"நல்ல தமிழ்" என்று எதைச் சொல்கிறோம்? வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. ஒரே குடியிருப்பில் நான்கு தமிழ் வீடுகள் இருந்தால் நான்கு விதத் தமிழ் கேட்கும். ஒரு வீட்டில் "அங்கிட்டு வச்சிரு". அடுத்த வீட்டில் "போகோணுமுங்க". எதிர் வீட்டில் "சொல்லிண்டிருந்தா". ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலோ இவை அத்தனையும் பிழை என்று சிவப்பு மையால் அடிபடுகின்றன. அந்தச் சிவப்பு மை நியாயம்தானா என்பதை நம் வட்டாரப் புதினங்களின் துணையோடு சற்றே ஆராய்வோம்.

தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுக்கிறது. திசைச்சொல் என்பது செந்தமிழ் நிலத்தைச் சார்ந்த பன்னிரு நிலங்களில் வழங்கும் சொல். அதைக் கொச்சை என்று இலக்கணி தள்ளவில்லை. செய்யுளுக்கு உரிய சொற்களில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டார்.

மேடைக்கும் ஏட்டுக்கும் ஒரு வழக்கு, வீட்டுக்கும் வீதிக்கும் இன்னொரு வழக்கு என்று ஒரே சமூகம் பிரித்து ஆள்வதை மொழியியலார் இரட்டை வழக்கு என்பர். அமெரிக்க அறிஞர் ஃபெர்குசன் 1959இல் அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தி மொழிகளை வைத்து இதை விளக்கினார். தமிழுக்கும் இது அப்படியே பொருந்தும். அவர் கண்ட ஒரு வேடிக்கையும் உண்டு. எந்த வழக்கைத் தாய்மடியில் கற்கிறார்களோ, அதையே மக்கள் "மொழியே இல்லை" என்று சொல்லிவிடுவார்களாம்!

இந்த மனத்தடையை உடைத்தவர்கள் நம் புதினக்காரர்கள். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) கொங்குப் பேச்சை ஏட்டில் ஏற்றியது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) கதை சொல்லும் குரலையே கரிசல் மண்ணின் குரலாக்கியது. 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கி.ரா.வின் வீட்டுமொழி தெலுங்கு. அந்தப் புதினம் பேசுவதும் தெற்கே குடிபெயர்ந்து வந்த தெலுங்கு மக்களின் கதையை. கரிசல் தமிழின் தலைமகன் ஒரு குடிபெயர்ந்த சமூகத்தின் பிள்ளை! நம்மைப் போன்றவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

"வட்டார நாவல் புரியமாட்டேங்குதே" என்பது பலருடைய குறை. புரியாத சொற்கள் உண்டு என்பது மெய்தான், அதற்காகவே கி.ரா. வட்டார வழக்குச் சொல்லகராதியும் தொகுத்தார். ஆனால் புரியாததெல்லாம் கொச்சை ஆகிவிடாது. தென்மாவட்ட வீடுகளில் பாத்திரம் கழுவும் இடம் 'அங்கணம்'. அவசரப்படாமல் வா என்பதற்கு 'பைய வா' என்பார்கள். இவ்விரண்டு சொற்களும் திருக்குறளில் உள்ளவை (720, 1098). வள்ளுவர் ஆண்ட சொல்லை ஆச்சி வாயில் கேட்டால் கொச்சை என்பது என்ன நியாயம்?

புதினங்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். பல கதைகளில் ஆசிரியர் செந்தமிழில் விவரிப்பார். வேலைக்காரரும் கூலியாளும் மட்டும் கொச்சை பேசுவார்கள். படித்தவருக்கு ஒரு மொழி, உழைப்பவருக்கு ஒரு மொழி என்று அங்கே சாதியும் வர்க்கமும் இலக்கணம் வகுத்துவிடுகின்றன. நம் திரைப்படங்கள் சென்னைத் தமிழை நகைச்சுவைக்கென்றே ஒதுக்கியதும் இதே மனப்போக்குதான். பாமாவின் 'கருக்கு' (1992) இதற்கு நேர் விடை. தலித் மக்களின் பேச்சிலேயே தன் வாழ்வை முழுக்கச் சொன்னார். "இப்படியும் எழுதுவதா?" என்று முகம் சுளித்தவர்களின் கூச்சம் மொழியைப் பற்றியது மட்டும்தானா?

எது மொழி, எது கிளைவழக்கு என்பதையும் சமூகமும் அரசும்தான் முடிவு செய்கின்றன. மைதிலி 2003இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது. போஜ்புரியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2011 கணக்கெடுப்பில் 5 கோடிக்கும் மேல்; ஆனாலும் அவர்கள் இந்திக்குள்ளேயே எண்ணப்பட்டார்கள். இரண்டிலும் இலக்கியம் உண்டு, பேசுவோரும் ஏராளம். வேறுபாடு அங்கீகாரத்தில்தான் இருக்கிறது.

பொதுத்தமிழ் வேண்டாம் என்பதல்ல என் வாதம். கன்னியாகுமரிக்காரரும் கோவைக்காரரும் கடிதம் எழுதிக்கொள்ள அது கட்டாயம் வேண்டும். நம் பிள்ளைகள் அதைப் பிழையறக் கற்கவும் வேண்டும். ஆனால் இங்கே ஒரு குழந்தைக்குத் தமிழ் கிடைக்கும் முதல் இடம் வீடு. பலருக்கு அது ஒன்றுதான் இடம். அந்தத் தமிழே தப்பு என்றால், பிள்ளை பொதுத்தமிழுக்குப் போகாது; இந்திக்கோ ஆங்கிலத்துக்கோ போய்விடும். ஆகவே ஆசிரியர்கள் "தப்பு" என்று அடிக்காமல், "வீட்டில் இப்படிச் சொல்வோம், ஏட்டில் இப்படி எழுதுவோம்" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டலாம். மாதம் ஒரு முறை கி.ரா.வையோ பாமாவையோ ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லலாம். அந்தந்த ஊர்த் தாத்தா பாட்டிகளே வாசித்தால் இன்னும் நல்லது.