கடைசி ஆள் எடுத்த மதிப்பெண்

பிளஸ் டூ முடிவு வந்த அன்று மாலையே தமிழ்நாட்டுப் பல வீடுகளில் கணக்குப் போடுவது தொடங்கிவிடும். கணிதத்துக்கு முழு மதிப்பெண், இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கூட்டினால் 200-க்கு ஒரு கட்-ஆஃப். அதைச் சென்ற ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டு, நம் எண் மேலே இருந்தால் சீட் கிடைக்கும், கீழே இருந்தால் கிடைக்காது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-08 சேர்க்கையோடு விலக்கப்பட்ட பிறகு, வாய்ப்பை மதிப்பிட மாணவர் கையில் இருக்கும் முதன்மைக் கருவி இந்த ஒப்பீடுதான். கருவியில் குறை உண்டு. அதைவிடப் பெரிய குறை, நாம் அதைப் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது.

முதலில் நிறையைச் சொல்லிவிடலாம். கல்லூரி, பிரிவு, கம்யூனிட்டி வாரியாகச் சென்ற ஆண்டு சேர்க்கை எங்கே முடிந்தது என்ற விவரம் எல்லோருக்கும் கிடைக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகூடத் தரகர் தயவின்றி அதைப் படிக்கலாம். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 200-ஐ ஒட்டிய மதிப்பெண் வேண்டும் என்பது போன்ற பெருவெட்டான முடிவுகளுக்கு இந்தப் பட்டியல் போதும். இரண்டொரு மதிப்பெண் வித்தியாசத்தில் நிற்பவர்களுக்குத்தான் அது துல்லியம் என்ற பெயரில் மயக்கத்தைத் தருகிறது.

எந்தக் கல்லூரியும் தன் கட்-ஆஃபை முன்கூட்டி நிர்ணயிப்பதில்லை. அந்த இடத்தில் கடைசியாகச் சேர்ந்தவர் எடுத்த மதிப்பெண் அது, அவ்வளவுதான். நேற்றைய கோயம்பேடு சந்தை விலையை வைத்து இன்றைக்குப் பை எடுத்துக்கொண்டு போவதைப் போன்றது அதை நம்புவது. வினாத்தாள் எளிதானால் எல்லோருடைய எண்ணும் ஏறும். 2021-இல் தொற்றுக் காலத்தில் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டுக்கு 30 சதவீதம் என்று கணக்கிட்டு மதிப்பெண் வழங்கினார்கள். அந்த ஆண்டுப் பட்டியலை அடுத்த ஆண்டு மாணவர் அளவுகோலாகக் கொண்டிருந்தால் என்ன பயன்? மதிப்பெண்ணைவிட ரேங்க் நம்பகமானது. வினாத்தாள் எப்படி இருந்தாலும், பத்தாயிரமாவது ரேங்க் என்றால் முன்னால் நிற்பவர்கள் 9,999 பேர்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பாடத்துக்கு 200 மதிப்பெண் இருந்த காலத்தில் கட்-ஆஃப் கால் மதிப்பெண்ணாக நகர்ந்தது. 2019-இல் மொத்தம் 600 என்றான பிறகு அரை மதிப்பெண்ணாக நகர்கிறது. படிகள் குறைந்தால் ஒரே படியில் நெருக்கியடிப்பவர்கள் கூடுவார்கள். அவர்களை வரிசைப்படுத்த முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். எதிலும் பிரியாவிட்டால் கடைசியில் ரேண்டம் எண் வரை போகிறது. ஆக, ‘185.5-இல் முடிந்தது’ என்றால் 185.5 எடுத்த எல்லோருக்கும் இடம் கிடைத்தது என்று பொருளல்ல.

கட்-ஆஃப் பட்டியலில் தவறான பத்தியைப் படித்து மனம் உடைபவர்களும் உண்டு. 69 சதவீத இடஒதுக்கீடு போக, மீதி 31 சதவீதப் பொதுப்போட்டி இடங்கள் எல்லோருக்கும் உரியவை. பிற்படுத்தப்பட்ட வகுப்பு (பி.சி.) மாணவர் ஒருவர் பொதுப் பத்தியை மட்டும் பார்த்துப் பின்வாங்கினால், தனக்கென இருக்கும் 26.5 சதவீதத்தைப் பார்க்காமலே திரும்புகிறார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. அதற்கு வேறு பட்டியல்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சேதம், விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கில் நடக்கிறது. ‘நமக்கெல்லாம் அது வராது’ என்று விரும்பிய கல்லூரியைத் தாமே அடித்துவிடுகிறார்கள். கவுன்சலிங் மென்பொருள் ரேங்க் வரிசையில் ஒவ்வொருவரையும் எடுத்து, அவர் கொடுத்த பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருகிறது. எட்டாத கல்லூரி உச்சியில் இருந்தால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போகுமே தவிர, அதற்காக எந்தத் தண்டனையும் இல்லை. பட்டியலின் தலையை வெட்டுவதால் ஒரு லாபமும் கிடையாது. அடிப்பகுதி குட்டையாக இருந்தால்தான் ஆபத்து: அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல், கழிந்தது போக மிஞ்சிய இடங்களுக்கு அடுத்த சுற்றில் காத்திருக்க நேரும். எனவே பட்டியலின் மேல்பகுதியை விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டும். பழைய கட்-ஆஃப் பயன்படவேண்டியது, கீழே எதுவரை நீட்டுவது என்று தீர்மானிக்க மட்டுமே.

மாற்று வழிகளைத் தேடும்போதும் இதே எண் குறுக்கே வருகிறது. கட்-ஆஃப் காட்டுவது கிராக்கியை. கற்பித்தலின் தரத்தை அல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ் மோகத்தால் நல்ல ஆய்வகமும் பழுத்த ஆசிரியர்களும் உள்ள இடங்களில்கூட சிவில், மெக்கானிக்கல் எண்கள் இறங்கி நிற்கின்றன. மறுபுறம், தகுதியுள்ள கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 2024-25 முதல் தளர்த்தியதால் கம்ப்யூட்டர் சார்ந்த இடங்கள் பெருகின. ஒரு கல்லூரியின் எண் சரிந்தால் தரம் சரிந்தது என்றோ, ஏறினால் உயர்ந்தது என்றோ சொல்ல முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

காரைக்குடி, சேலம், திருநெல்வேலி, பர்கூர் என்று அரசுப் பொறியியல் கல்லூரிகள் குறைந்த கட்டணத்தில் இருக்கின்றன. சென்னை, கோவை என்ற பெயருக்காக அவற்றைத் தாண்டிப் போகிறவர்கள் கட்டணத்தையும் ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். டிப்ளமா முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரும் வழி இருக்கிறது. கணிதத்திலோ இயற்பியலிலோ பிடிப்புள்ளவர் பி.எஸ்சி. படித்து ‘ஜாம்’ தேர்வு வழியாக ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டத்துக்கு ஜே.இ.இ. கட்டாயமில்லை. இவற்றைத் தோற்றவர்களின் வழியாகப் பார்க்கிற பழக்கம்தான், கவுன்சலிங் தொடங்குமுன்பே பயத்தில் தனியார் கல்லூரிக்கு முன்பணம் கட்ட வைக்கிறது.

பழைய கட்-ஆஃபைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஓராண்டுக்குப் பதில் மூன்று நான்கு ஆண்டுகளை, மதிப்பெண்ணுக்குப் பதில் ரேங்கை, பொதுப் பத்தியோடு தன் கம்யூனிட்டிப் பத்தியையும் சேர்த்துப் படித்தால் அது நல்ல துணை. ஆனால் கடைசி ஆள் எடுத்த மதிப்பெண்ணுக்கு, முதல் விருப்பத்தை முடிவு செய்யும் அதிகாரத்தை நாம்தான் கொடுத்து வைத்திருக்கிறோம். கவுன்சலிங் விதிகளில் எங்கும் அப்படி இல்லை.