ஸ்ரீ வள்ளி (1945) பாடல்கள்: ஒரு மதிப்பீடு

ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தயாரிப்பில் 1945-இல் வெளிவந்த ‘ஸ்ரீ வள்ளி’, அதற்கு முன்பே நாடக மேடையில் ஊர் ஊராகப் பாடப்பட்டுவந்த வள்ளி கதையைத் திரைக்குக் கொண்டுவந்த படம். முருகனாக டி.ஆர். மகாலிங்கமும், வள்ளியாகக் குமாரி ருக்மிணியும் நடித்தனர். இசையமைத்தவர் ஆர். சுதர்சனம். படம் பெரிய வெற்றி பெற்றது. மகாலிங்கத்தின் புகழ் இதிலிருந்தே தொடங்கியது எனலாம்.

இந்தப் படத்தின் பாடல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மகாலிங்கத்தின் குரலைப் பாராட்டி நிறுத்திக்கொள்கின்றனர். அந்தப் பாராட்டில் தவறில்லை. ஆனால் இசை நாடகம் ஒன்று படமாகும்போது, அதன் பாடல்களிடம் வேறொரு கேள்வியையும் கேட்க வேண்டும். மேடையில் அந்தப் பாட்டு செய்துகொண்டிருந்த வேலையை இசைத்தட்டிலும் செய்கிறதா? ‘ஸ்ரீ வள்ளி’யைப் பொறுத்தவரை என் விடை: முருகன் பக்கம் செய்கிறது, வள்ளி பக்கம் செய்யவில்லை. ஏன் என்று விளக்க, முதலில் மேடையைப் பார்க்க வேண்டும்.

மேடையில் வள்ளி

‘வள்ளி திருமணம்’ சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களுள் இன்றும் அதிகமாக நடிக்கப்படுவது. கதையின் மூலம் கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் உள்ளது. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் கோயில் திருவிழா என்றால் ஓர் இரவு வள்ளி நாடகம் இருக்கும். இதை ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், நாரதர் மூன்றாவது ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. இயக்குநரும் கிடையாது. ஒப்பனைக் கொட்டகையில் சந்தித்து, இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடிப்பார்கள்.

பபூனும் நடனக்காரியும் முடித்துப் போன பிறகு, தினைப்புனக் காவலுக்கு வள்ளி வருகிறாள். ஆலோலம் பாடிக் குருவி ஓட்டுகிறாள். நாரதர் வருகிறார். இங்கேதான் நாடகத்தின் உயிர்ப்பகுதியான தர்க்கம் தொடங்குகிறது. பெண் பெரிதா ஆண் பெரிதா, இல்லறமா துறவறமா, தனியாகக் காட்டில் இருக்கும் பெண்ணுக்கு எது காவல் என்று நாரதர் கேட்கக் கேட்க, வள்ளி வசனத்தாலும் விருத்தத்தாலும் பாட்டாலும் பதில் சொல்ல வேண்டும். நாரதர் என்ன கேட்பார் என்பது அவளுக்கு முன்கூட்டித் தெரியாது. பதில் சூடாக அமைந்தால் கூட்டம் கைதட்டும். தடுமாறினால் கூட்டம் அதையும் கவனிக்கும். பிறகு வேலனாகவும் வேடனாகவும் விருத்தனாகவும் முருகன் வரும்போதும் இதே கதைதான். அவன் பாட்டால் வலை வீசுவான். அவள் பாட்டால் அறுத்துக்கொண்டு போவாள். கடைசியில் பிள்ளையாரை யானையாக வரவழைத்தல்லவா அவன் காரியம் சாதிக்கிறான்! வாதத்தில் வள்ளியை அவன் வென்றதாகக் கதையே சொல்லவில்லை.

ஆகவே மேடைப் பாட்டு என்பது எதிரே நிற்பவரை நோக்கி எறியப்படுவது. அது எவ்வளவு நேரம் நீளும் என்பதைப் பாடுபவர் அந்த நொடியில் முடிவு செய்கிறார். ஓரத்தில் அமர்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடியபடி அவர் போகும் வழியில் போவார். தொகையறாவை இழுத்து எதிராளியைக் காக்க வைக்கலாம். ஒரே சொல்லை மூன்று விதமாகத் திருப்பிக் குத்திக் காட்டலாம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்பதால் சுருதியும் உயரத்தில் இருக்கும்.

நான் பள்ளியில் தமிழ் கற்பித்த நாட்களில், வள்ளி–நாரதர் தர்க்கத்தை இரண்டு மாணவியரை எழுப்பி எதிரெதிரே நிற்க வைத்துப் படிக்கச் சொல்வதுண்டு. தனித்தனியாகப் படித்தால் அது செய்யுள். எதிரே நின்று படித்தால் மூன்றாவது வரியிலேயே இருவர் குரலும் ஏறிவிடும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதற்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் என்னிடம் இல்லை.

தட்டுக்கு வந்த வழி

மேடைக்கும் படத்துக்கும் நடுவில் கிராமபோன் இருக்கிறது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1920-களில் இணைந்து நடித்த நாடகங்களில் ‘வள்ளி திருமணம்’ தனிப்புகழ் பெற்றது. இருவருக்கும் உச்சத்தில் சஞ்சரிக்கும் குரல். ஒருவரை ஒருவர் விஞ்ச முயன்றதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. கிட்டப்பா எந்தத் திரைப்படத்திலும் நடிக்காமல் 1933-இல் இளம் வயதிலேயே மறைந்தார். அவர் குரல் இசைத்தட்டுகளில் மட்டும் தங்கியது. அதே 1933-இல் டி.பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்த ‘வள்ளி திருமணம்’ பேசும் படமாக வந்தது. நடிப்பவரே பாட வேண்டிய காலம் அது.

பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். மேடையில் கால்மணி நேரம் நடக்கும் வாக்குவாதம் அதில் அடங்காது. எனவே ஒரு பாட்டு அதன் எதிர்ப்பாட்டிலிருந்து அறுத்தெடுக்கப்பட்டுத் தனியுருப்படி ஆகிறது. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில் கிராமபோன் தட்டு விற்ற கடையிலிருந்து, சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் தட்டுத் தயாரிப்புக்கும், பிறகு படத்துக்கும் வந்தவர். எந்தப் பாட்டை மக்கள் வீட்டுக்கு வாங்கிப் போவார்கள் என்பதை விற்பனையாளராக அறிந்தவர். ‘ஸ்ரீ வள்ளி’யின் பலமும் குறையும் இந்தக் காதிலிருந்தே வந்தவை என்று நினைக்கிறேன்.

மகாலிங்கம்

‘காயாத கானகத்தே’ என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். சுவாமிகள் இயற்றியது. கிட்டப்பா பாடிப் பெயர் பெற்றது. தப்பிய மானைத் தேடி வந்தவன்போல் நடித்துக் காட்டில் நிற்கும் வள்ளியிடம் விசாரிக்கும் பாட்டு. தேடும் மான் யார் என்பது கேட்பவனுக்கும் தெரியும், கேட்கப்படுபவளுக்கும் தெரியும். பாட்டின் சுவை முழுவதும் அந்த இரட்டைப் பொருளில் இருக்கிறது.

சோழவந்தான் அருகே தென்கரையில் பிறந்து, சிறு வயதிலேயே மேடையேறிய மகாலிங்கத்துக்கு அப்போது இருபதைச் சற்றே தாண்டிய வயது. உச்ச ஸ்தாயியில் அவர் நிற்கும்போது குரல் மெலிவதில்லை. வேகமான பிர்காக்களிலும் சொல் உடைவதில்லை. ‘மான்’ என்ற ஒரு சொல்லை வரிக்கு வரி வேறு வேறு விதமாக இறக்கி வைக்கிறார். ஒரு முறை கேள்வியாக, ஒரு முறை குறையாக, ஒரு முறை வேண்டுமென்றே அசட்டையாக. எதிரே ஒருத்தி நிற்கிறாள் என்பது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரிகிறது. கிட்டப்பாவைப் பார்த்துப் பாடினார் என்று குறை சொல்வோர் உண்டு. மேடை மரபில் முன்னவர் பாடிய வழியில் பாடுவது குறையே ஆகாது. அங்கே ராஜபார்ட்டின் தகுதிச் சான்று அதுதான். மூன்று நிமிட அளவுக்குள் மேடையின் காற்றைக் கொண்டுவந்து விட்டார் என்பதே என் மதிப்பீடு.

வள்ளியின் குரல்

இனி மறுபக்கம். படத்தில் ருக்மிணி முதலில் தம் சொந்தக் குரலிலேயே பாடினார். (இவர் பிற்கால நடிகை லட்சுமியின் தாயார்.) படம் முடிந்த பிறகு, மகாலிங்கத்தின் குரலுக்கு அது ஈடுகொடுக்கவில்லை என்று செட்டியாருக்குத் தோன்றியது. பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து, ருக்மிணியின் வாயசைவுக்குப் பொருந்துமாறு அந்தக் குரலைச் சேர்த்தார். பின்னணிக் குரல் அவருக்குப் புதிதன்று. மகாலிங்கம் சிறுவனாக அறிமுகமான ‘நந்தகுமார்’ (1938) படத்திலேயே ஒரு நடிகைக்கு லலிதா வெங்கட்ராமனைப் பாட வைத்தவர் அவர். தமிழ்த் திரையிசை வரலாற்றில் இவை முக்கியமான நிகழ்ச்சிகள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் என்ன நடந்தது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வழக்கமான பின்னணிப் பாட்டில் பாடகி முதலில் பாடுவார். நடிகை அதற்கு ஏற்ப வாயசைப்பார். பாட்டுக்கு உரியவர் பாடகி. இங்கே நடந்தது தலைகீழ். ருக்மிணி எங்கே மூச்சு விட்டாரோ அங்கேதான் பெரியநாயகியும் மூச்சு விட முடியும். அவர் எவ்வளவு நேரம் ஒரு சொல்லில் நின்றாரோ அவ்வளவு நேரம்தான் இவரும் நிற்க முடியும். பெரியநாயகி நல்ல பாடகி. சுருதி சுத்தமும் குரல் வளமும் உள்ளவர். இருந்தும் வேறொருவர் வாய் வரைந்துவிட்ட கோட்டுக்குள் பாட வேண்டியிருந்தது. முன்னே சொன்னேனே, மேடை வள்ளிக்கு இருந்த ஆயுதமே நீட்டவும் நிறுத்தவும் தனக்கு இருந்த உரிமைதான் என்று. அந்த உரிமை இங்கே இருவருக்கும் இல்லை. ருக்மிணியிடமிருந்து குரல் போயிற்று. பெரியநாயகிக்குக் காலம் கிடைக்கவில்லை.

இதனால்தான் பாடல்களை வரிசையாகக் கேட்கும்போது ஒரு சமனின்மை தெரிகிறது. முருகன் கேட்கிறான். வள்ளி இனிமையாகப் பாடுகிறாள். ஆனால் பதில் சொல்லவில்லை. சுந்தராம்பாள் போன்ற ஒருவர் எதிரே நின்றிருந்தால் முருகனின் பாட்டு எவ்வளவு வியர்த்திருக்கும்!

செட்டியாரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. வலுக்குறைந்த குரலோடு படம் ஓடியிருந்தால் அதுவும் வள்ளிக்கு நியாயம் செய்திருக்காது. ஆனால் ஈடான குரல் வேண்டும் என்று தோன்றியது சரி என்றால், அதைப் பாத்திரத் தேர்விலேயே பார்த்திருக்கலாம் அல்லவா? ராஜபார்ட்டைக் குரலுக்காகவும் வள்ளியைத் தோற்றத்துக்காகவும் தேர்ந்தெடுத்த பிறகு எந்த ஒலிப்பதிவு நுட்பமும் தர்க்கத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

வெளியில் ஓர் ஒப்புமை

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மாலியன்’ நாடகத்தை ஒட்டி 1956-இல் நியூயார்க் மேடையேறிய இசை நாடகம் ‘மை ஃபேர் லேடி’. பூக்காரப் பெண் ஒருத்திக்கு ஒரு பேராசிரியர் ‘சரியான’ பேச்சைக் கற்றுக்கொடுக்கும் கதை. மேடையில் நடித்த ஜூலி ஆண்ட்ரூஸ் 1964-இல் படமாகியபோது ஒதுக்கப்பட்டார். ஆட்ரி ஹெப்பர்ன் நடித்தார். பெரும்பாலான பாடல்களுக்கு மார்னி நிக்சன் குரல் கொடுத்தார். பேராசிரியராக நடித்த ரெக்ஸ் ஹாரிசனோ, உடைக்குள் சிறு ஒலிவாங்கியை மறைத்துக்கொண்டு படப்பிடிப்புத் தளத்திலேயே பாடினார். மேடையிலிருந்து வந்த ஆண் தன் காலத்தைத் தானே வைத்துக்கொண்டார். பெண்ணின் குரல் வேறிடத்திலிருந்து வந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ‘ஸ்ரீ வள்ளி’யில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. வாதாடும் பெண்ணைப் பற்றிய கதைகளிலேயே இது நடப்பதை மாணவர்கள் கவனிக்கலாம்.

1961-இல் சிவாஜி கணேசன், பத்மினி நடிப்பில் மீண்டும் ஒரு ‘ஸ்ரீ வள்ளி’ வந்தது. இசை ஜி. ராமநாதன். அதில் மகாலிங்கம் நாரதர். முருகனும் வள்ளியும் இருவருமே பின்னணிக் குரலில் பாடியதால் முந்தைய சமனின்மை நீங்கிற்று. கூடவே மேடையும் நீங்கிற்று. அவை நல்ல திரைப்பாடல்கள். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சுதர்சனத்தின் இசை பற்றி ஒரு வார்த்தை. பின்னாளில் ‘நாம் இருவர்’, ‘பராசக்தி’ போன்ற படங்களில் வெளிப்பட்ட அவருடைய திறனை இங்கே தேட வேண்டாம். ஆர்மோனியக்காரர் மேடையில் செய்ததை வாத்தியக் குழு அடக்கமாகச் செய்கிறது. மகாலிங்கத்தின் வழியை மறிக்கவில்லை. இந்தப் படத்துக்கு அதுவே போதுமானது.

கேட்க விரும்புவோருக்கு

எங்கள் குன்றக்குடி மலைக்கோயிலில் சண்முகநாதர் ஒரு மயிலில் அமர்ந்திருக்க, வள்ளிக்கும் தெய்வானைக்கும் தனித்தனி மயில்கள் உண்டு. இசைத்தட்டு வள்ளிக்குத் தனி மயில் கொடுக்கவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது.

இந்தப் பாடல்களை முதன்முதலாகக் கேட்கப் போகும் மாணவர்களுக்கு ஒரு முறையைச் சொல்கிறேன். இணையத்தில் இப்போது முழு இரவு வள்ளி நாடகப் பதிவுகள் நிறையவே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றில் வள்ளி–நாரதர் தர்க்கத்தை அரைமணி நேரமாவது முதலில் கேளுங்கள். ஒலித்தரம் மோசமாக இருக்கும். ஒலிபெருக்கி கிறீச்சிடும். பரவாயில்லை. வள்ளியாக நடிப்பவர் பதில் சொல்லுமுன் எவ்வளவு நேரம் ஆர்மோனியத்தை ஓட விடுகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். அதன் பின் மகாலிங்கத்தின் ‘காயாத கானகத்தே’யைக் கேளுங்கள். கடைசியாகப் பெரியநாயகி பாடியதைக் கேளுங்கள், அதுவும் முடிந்தால் படக்காட்சியோடு, ருக்மிணியின் உதடுகளைப் பார்த்தபடி.