வினாவிடை நூல்களும் நாளைய அதிகாரிகளும்

1875இல் பொன்னம்பலம் அருணாசலம் போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவையுட் புகுந்தார். அச்சேவை 1963இல் நிருவாக சேவையாயிற்று. பெயர் மாறியது, படிக்கும் முறை மாறியதா?

யாழ்ப்பாணத்துக் கடைகளில் விற்கும் பொது அறிவு வினாவிடை நூல்கள் நடப்பு நிகழ்ச்சிகளை வெறுந் திகதிகளாகச் சுருக்கிவிடுகின்றன. இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்திய ஆண்டு எது? 2022. விடை சரியே. ஆனால், 2019இன் வரிக்குறைப்பு, வற்றிய அந்நியச் செலாவணி, 2021இன் உர இறக்குமதித் தடை, வயல்களிற் குன்றிய விளைச்சல் ஆகியவற்றிடையேயுள்ள தொடர்பை எந்நூல் உணர்த்துகிறது?

தொழில் தேடும் இளைஞரை நாம் குறைகூறவில்லை. எனினும், காரணம் கல்லாது ஆண்டை மட்டும் மனனஞ் செய்தவர் பிரதேச செயலாளராகும்போது, நட்டமுற்ற கமக்காரன் அவருக்கு இன்னுமொரு கோப்பாகவே தோன்றுவான். ஆசிரியர்களே, 'எப்போது' என்னும் வினாவோடு 'ஏன்', 'யாருக்காக' என்னும் வினாக்களையும் மாணவர்க்குக் கற்பிப்போம்.