தூங்கத் தெரிந்த கருவி

பேட்டரியில் ஓடும் ஒரு சென்சார் கருவியின் நேர்த்தி அதன் பெட்டியில் தெரியாது. அது இழுக்கும் மின்னோட்டத்தின் வரைபடத்தைத் திரையில் பார்க்க வேண்டும். தேர்ந்த கை செய்த கருவி என்றால் கோடு தரையோடு தரையாகப் போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டென்று ஒரு கூர்முனை எழும், உடனே மறுபடி தரையைத் தொடும். ரசிகரின் கண் இரண்டே இடங்களில் நிற்கும்: முனை எவ்வளவு ஒல்லி? தரை எவ்வளவு தாழ்வு?

ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் தந்த இஎஸ்பி 8266 இந்தக் கலைக்கு நல்ல களம். வைஃபையில் சேதி அனுப்பும்போது இந்தச் சிப் சுமார் 170 மில்லி ஆம்பியர் இழுக்கும். டீப் ஸ்லீப்பில் வெறும் 20 மைக்ரோ ஆம்பியர். வித்தியாசம் 8,500 மடங்கு.

முதலில் முனை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, சராசரியாக 80 மில்லி ஆம்பியரில் ஐந்து நொடி விழித்திருந்தால், 2,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு மாதம் தாங்கும். விழிப்பை ஒரு நொடிக்குச் சுருக்கினால் கணக்குப்படி ஒன்றரை வருடம்!

சுருக்கும் விதம்தான் அழகு. எழுந்ததும் ரேடியோவைத் தொடுவதில்லை. முதலில் சென்சாரைப் படித்துவிடுகிறார்கள். அக்கம்பக்கத்து வைஃபைகளையெல்லாம் துழாவுவதும் இல்லை. ரவுட்டரின் முகவரியும் சேனல் எண்ணும் சென்ற முறையே ஆர்டிசி நினைவகத்தில் குறித்து வைக்கப்பட்டிருக்கும். தூக்கத்திலும் அழியாத மூலை அது. ஐபி முகவரிக்காக ரவுட்டரிடம் கேட்டுக் காத்திருக்காமல் நிலையான ஒன்றைப் புரோகிராமிலேயே எழுதிவிடுகிறார்கள். ரவுட்டரே வேண்டாம் என்பவர்களுக்கு இஎஸ்பி-நவ் இருக்கிறது: இன்னொரு இஎஸ்பிக்கு நேரடியாக 250 பைட் வரை அனுப்பிவிட்டுப் படுத்துவிடலாம்.

அடுத்து தரை. கத்துக்குட்டிகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

சிப் தூங்கினாலும் போர்டு தூங்குவதில்லை. மலிவான போர்டுகளில் இருக்கும் ஏஎம்எஸ் 1117 ரெகுலேட்டர், மூடிய பிறகும் சொட்டும் குழாய்போல, தன் செலவுக்கென்றே சுமார் 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். அது ஒன்றே அந்த 2,000 பேட்டரியைப் பதினேழு நாளில் காலி செய்துவிடும். அதனால் விவரமானவர்கள் போர்டை விட்டுவிட்டு வெறும் மாட்யூலை வாங்கி, 1.6 மைக்ரோ ஆம்பியரோடு திருப்தியடையும் எம்சிபி 1700 ரெகுலேட்டரை வைக்கிறார்கள். அது 250 மில்லி ஆம்பியருக்கு மேல் தராது என்பதால், ரேடியோ விழிக்கும் கணத்தின் திடீர்ப் பசிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கெப்பாசிட்டர். போர்டிலேயே ஓட்டுகிறவர்கள் சும்மா எரியும் பவர் எல்இடியையாவது சால்டரிங் அயர்னால் பெயர்த்தெடுக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு கசிவு மிச்சமிருக்கும். பேட்டரி அளவைத் தெரிந்துகொள்ள இரண்டு ரெசிஸ்டர்களைத் தொடராக வைப்பது வழக்கம். 33 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் வைத்தால் 3.7 வோல்ட்டில் ஓயாமல் 86 மைக்ரோ ஆம்பியர் ஓடும். தூங்கும் சிப்பைப்போல நான்கு மடங்கு! அதையே 3.3 மெகா ஓம், 1 மெகா ஓம் என்று மாற்றினால் 0.86 மைக்ரோ ஆம்பியர்தான். ஆனால் அவ்வளவு பெரிய ரெசிஸ்டர் வழியே வரும் அளவு தடுமாறும். அதை நிலைநிறுத்த 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் அளவெடுக்கும் காலோடு சேர்த்துவிடுகிறார்கள்.