மரத்தூளில் பொதிந்த பனி

2005 முதல் 2009 வரை திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனின் மூன்றாம் மாடியில் இருந்தேன். பத்துக்குப் பத்து அறை, மூன்று கட்டில், ஒரு மின்விசிறி. வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் அலுவலகத்தில் இரவு ஷிஃப்ட். காலை ஏழரைக்கு அறைக்குத் திரும்புவேன். மற்ற இருவரும் குளித்துக் கிளம்பியதும் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு படுத்துவிடுவேன். அலுவலக நண்பர் ஒருவர் எம்பி3-யாக எழுதிக் கொடுத்த சிடிகள்தான் என் சொத்து. அமெரிக்காவும் கனடாவும் எனக்கு அந்த வழியாகத்தான் வந்தன.

அந்த வழிக்கு ஒரு முன்கதை உண்டு. கடற்கரைக்கு நடந்தால் ஐஸ் ஹவுஸ் வரும். இப்போது அது விவேகானந்தர் இல்லம். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், அந்தப் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்த கட்டடம். இந்தியாவுக்கு அவருடைய முதல் சரக்கு 1833-இல் கல்கத்தா வந்தது. 180 டன் ஏற்றினார்கள். இறங்கியது சுமார் 100 டன். நான்கு மாதக் கடல் பயணத்தில் அவ்வளவாவது மிஞ்சியதற்குக் காரணம் மரத்தூள். எம்பி3-யும் அப்படித்தான்: பாட்டின் எடையில் பெரும்பகுதியைக் கரைத்துவிட்டுத்தான் நம்மிடம் தரும். கரைந்தது போகக் கைக்கு வந்த நான்கு ஆல்பங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான்கும் 'இண்டி' வகை. பெரிய நிறுவனங்களைச் சாராமல் சிறிய லேபிள்கள் வெளியிட்ட இசைக்குப் பிறந்த பெயர் அது. பிறகு ஒரு பாணியின் பெயராகிவிட்டது. எனக்கு அது முகவரியின் பெயர். இந்த ஆல்பங்களைக் கேட்டால் அவை உருவான இடம் காதில் விழும். சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறது, கூட எத்தனை பேர் நிற்கிறார்கள், வெளியே வெயிலா பனியா என்பதெல்லாம் தெரியும்.

முதலில் 'ஃபியூனரல்'. மாண்ட்ரியல் நகரத்து ஆர்கேட் ஃபயர் குழு 2004-இல் வெளியிட்டது. லேபிள் மெர்ஜ், வட கரோலைனாவில் சூப்பர்சங்க் என்ற ராக் குழுவின் இருவர் 1989-இல் தொடங்கியது. பதிவு நடந்த காலத்தில் குழுவினரின் குடும்பங்களில் அடுத்தடுத்துச் சாவுகள் விழுந்தன: ரெஜின் ஷசானின் பாட்டி, ரிச்சர்ட் பாரியின் அத்தை, பட்லர் சகோதரர்களின் தாத்தா. ஆல்பத்துக்குப் பெயர் அப்படி வந்தது. அந்தத் தாத்தா ஆல்வினோ ரே, ஸ்விங் காலத்தின் பேர்பெற்ற கிட்டார் கலைஞர். இறக்கும்போது வயது 95.

மேற்கத்திய விமரிசகர்கள் பலருக்கு இழவும் கொண்டாட்டமும் ஒரே தட்டில் இருந்தது வியப்பாகப் பட்டது. எனக்கு வியப்பில்லை. 95 வயதில் போனால் எங்கள் ஊரில் அது கல்யாணச் சாவு. பறை இல்லாமல், ஆட்டம் இல்லாமல் எடுக்க மாட்டார்கள். 'வேக் அப்' பாட்டில் கூட்டமாக, சொல்லே இல்லாமல் ஓங்கி எழும் அந்தக் குரலில் சுருதி சுத்தம் தேடுவது, தேருக்கு முன் ஆடுகிறவனிடம் அடவு சரியா என்று கேட்பதைப் போன்றது. 'கிரௌன் ஆஃப் லவ்' அழுகையாக இழைந்து போய், கடைசியில் திடீரென்று டிஸ்கோ தாளத்துக்குத் தாவும். அழுது ஓய்ந்தவர்கள் சட்டென்று ஆடத் தொடங்குவதை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தத் தாவல் புரியும்.

பத்துப் பாடல்களில் நான்குக்கு 'அக்கம்பக்கம்' என்றே பெயர். எண்ணும் துணைத்தலைப்பும்தான் மாறும். மூன்றாவது, 1998 ஜனவரியில் கியூபெக் பனிப்புயலில் மின்சாரம் போன நாட்களிலிருந்து பிறந்தது. 2008-இல் சென்னையிலும் மின்வெட்டு வந்தது. கரண்ட் போனால் மேன்ஷன் முழுக்க லுங்கியோடு மொட்டை மாடிக்கு வந்துவிடும். நான்கு வருடம் எதிர் அறையில் இருந்தவரின் பெயரை அப்படி ஓர் இருட்டில்தான் தெரிந்துகொண்டேன். அவர்களுக்கு உறைகிற குளிர், எங்களுக்கு அவிகிற புழுக்கம், இருட்டு ஒன்றுதான்.

இரண்டாவது, சுஃப்யான் ஸ்டீவன்ஸின் 'இல்லினாய்', 2005. லேபிள் ஆஸ்த்மாடிக் கிட்டி. அவரும் அவருடைய மாற்றாந்தந்தையும் சேர்ந்து தொடங்கியது. 22 தடங்கள், 74 நிமிடம். ஒரு மாநிலத்தின் வரலாறு, பேய்க்கதை, கொலைகாரன், பறக்கும் தட்டு எல்லாவற்றையும் பாட்டாக்கியிருக்கிறார். ஐம்பது மாநிலங்களுக்கும் ஆளுக்கோர் ஆல்பம் என்று அறிவித்திருந்தார். மிச்சிகன், இல்லினாய் என்று இரண்டோடு நின்றது. அது விளம்பரத்துக்காகச் சொன்னது என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். முதல் அச்சின் அட்டையில் சூப்பர்மேன் பறந்தார். காப்புரிமைச் சிக்கலுக்குப் பயந்து அவர்மேல் பலூன் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

வேடிக்கைகள் இருக்கட்டும். தலைப்புப் பாடலின் முதல் பாதி 1893-ஆம் வருடத்துச் சிகாகோ உலகக் கண்காட்சியைப் பற்றியது. ஐந்து எண்ணிக்கையில் ஓடும். கண்ட சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு அதில் நொண்டல் தெரியாது, துள்ளல்தான் தெரியும். அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வ மத மாநாட்டுக்குத்தான் விவேகானந்தர் போனார். அவர் போகப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள், இதே திருவல்லிக்கேணிக்காரர். திரும்பி வந்து சுவாமி தங்கியது ஐஸ் ஹவுஸில். இது ஸ்டீவன்ஸுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கு மட்டும் அந்தப் பாட்டு திருவல்லிக்கேணியின் பைகிராஃப்ட்ஸ் சாலையில் போய் முடியும்.

ஆனால் அதே ஆல்பத்தின் 'கேசிமிர் புலாஸ்கி டே' வேறு. எலும்புப் புற்றுநோயில் ஒரு சிநேகிதி சாகிறாள். பைபிள் வகுப்பில் கூடி அவளுக்காகப் பிரார்த்திக்கிறார்கள், எதுவும் நடப்பதில்லை. கிட்டார், பாஞ்சோ, ஒரு ட்ரம்பெட். குரல் ஒரு தடவைகூட உயராது. 2006-இல் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இதைக் கேட்டேன். உள்ளே பெரியம்மா. வெளியே பெஞ்சில் அம்மா கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியம்மா திரும்பவில்லை. அம்மா கவசத்தை நிறுத்தவுமில்லை, முருகனிடம் கோபப்படவுமில்லை. அந்தப் பாட்டும் கடவுளை விடுவதில்லை, கேள்வியையும் விடுவதில்லை. அம்மாவின் மௌனத்தை எனக்கு விளங்கவைத்தது அதுதான்.

மூன்றாவது, தி நேஷனல் குழுவின் 'பாக்ஸர்', 2007. சின்சினாட்டியிலிருந்து புரூக்ளினுக்கு வந்தவர்கள். இரண்டு ஜோடி அண்ணன் தம்பிகளும் மேட் பெர்னிங்கர் என்ற பாடகரும். பகலில் அலுவலகம், ராத்திரியில் இசை என்று பல வருடம் ஓட்டிய ஆட்கள். பெர்னிங்கரின் கனத்த கீழ்க்குரல், டை தளர்த்திய மனிதன் லிஃப்டில் தனக்குத்தானே பேசுவதைப் போல இருக்கும். 'ஃபேக் எம்பயர்' பாட்டைத் தொடங்கும் பியானோவில் ஒரு கை மூன்றாகவும் மறுகை நான்காகவும் போகும். திஸ்ரமும் சதுஸ்ரமும் ஒரே ஆளிடம். பாட்டு எழவும் மாட்டாமல் தூங்கவும் மாட்டாமல் தத்தளிக்கும். பாதி வழியில் டிரம்ஸ் நுழைந்து அதைத் தெருவுக்கு இழுத்துப் போகும். முடிவில் ஊதுகருவிகள் விடியலைப் போல ஏறும். மூன்று மணிக்குப் பிழை திருத்திக்கொண்டிருப்பவனின் உடம்பில் இரண்டு கடிகாரம் ஓடும். அதைத் தாளமாக நான் கேட்டது அங்கேதான். இரண்டு பாடல்களில் பியானோ வாசித்திருப்பது அதே சுஃப்யான் ஸ்டீவன்ஸ் என்று தெரிந்தபோது, தெரிந்த தெருவில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

நான்காவது, போன் ஈவேரின் 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ'. போன் ஈவேர் என்பது ஜஸ்டின் வெர்னன் வைத்துக்கொண்ட பெயர். அவருடைய முந்தைய குழு உடைந்தது. உடம்பும் கெட்டு, கல்லீரல் வரை தொற்று. விஸ்கான்சினில் அப்பாவின் வேட்டைக் குடிசையில் போய் அடைந்துகொண்டார். 2006 கடைசியில் தொடங்கிய குளிர்காலத்தில் ஏறக்குறைய மூன்று மாதம். கையில் பழைய கணினியும் சாதாரண மைக்கும். மாதிரிப் பதிவு என்று நினைத்துச் செய்த ஒன்பது பாடல்களை 2007-இல் தாமே 500 பிரதி போட்டார். அடுத்த வருடம் ஜாக்ஜாகுவார் லேபிள் எடுத்து உலகத்துக்குக் கொடுத்தது.

இயல்பில் கனத்த குரல்காரர் இதில் பொய்க்குரலில் பாடுகிறார். அதன்மேலேயே திரும்பத் திரும்பப் பாடி அடுக்க, ஒற்றை ஆள் ஒரு கோஷ்டியாகிறார். முதலில் சொல் இல்லாமல் மெட்டை முனகிப் பதிந்து, அந்த ஒலிகளுக்குள் என்ன சொல் கேட்கிறது என்று தேடி வரி எழுதினாராம். நம் ஊர்ப் பாடலாசிரியர்கள் தத்தகாரத்தை வைத்துக்கொண்டு செய்கிற வேலை. ஆனால் இவர் தத்தகாரத்தை முழுக்க அழிக்காமல் விட்டிருக்கிறார். அதனால்தான் வரிகளுக்கு உரை எழுத முடிவதில்லை, பாடினால் மட்டும் பொருந்துகின்றன.

இதைக் கேட்டது ஒரு மே மாதம், கத்திரி வெயிலில். தலையணையை நனைத்துத் திருப்பிப் போட்டுப் படுக்கிற காலம். அறைத்தம்பி, நாகர்கோவில்காரன், ஒரு காதில் இயர்ஃபோனை வாங்கி வைத்துக் கேட்டுவிட்டு, "என்னண்ணே, இந்தாளுக்கு ஒடம்பு சொகமில்லையா?" என்றான். அதற்கு மேல் சரியான விமரிசனத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

போன வருடம் நல்ல ஹெட்ஃபோன் வாங்கி, சுருக்கப்படாத பதிவில் 'எம்மா'வைக் கேட்டேன். கிட்டார் கம்பியில் விரல் உரசுவது, அடுக்கிய குரல்களில் ஒன்று மூச்சு வாங்குவது என்று கரைந்து போயிருந்த டன்கள் எல்லாம் திரும்பி வந்திருந்தன. ஆனாலும் ஏதோ குறைந்தது. மூன்றாவது பாட்டில்தான் பிடிபட்டது: மின்விசிறி. மூன்று சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று தட்டும் அந்த மேன்ஷன் மின்விசிறி அத்தனை வருடமும் எல்லாப் பாட்டுக்கும் அடியில் ஓடியிருக்கிறது. இரைச்சல் என்றுதான் அதை நினைத்திருந்தேன். அதுதான் மரத்தூள்.