போத்தலில் உறைந்ததும் பில்டரில் உறைந்ததும்

தை மாதத்துக் காலையொன்றில் தலைக்கு வைப்பதற்காகத் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கையிலெடுத்து, அது வெள்ளைக்கட்டியாய் உறைந்து கிடப்பதைக் கண்டு, அடுப்பங்கரை ஓரத்தில் சற்று நேரம் வைத்து இளக்கிக்கொள்ளாத குடும்பம் கண்டியில் இராது. உஷ்ணம் 24 பாகைக்குக் கீழே இறங்கினால் உறைவது அந்த எண்ணெயின் சுபாவம். இந்தக் காட்சியைச் சிறுவயது முதல் கண்டு பழகிய எனக்கு, தேங்காயெண்ணெயிலிருந்து செய்த பயோடீசலைக் கலந்து நுவரெலியாவுக்கு லொறி விடலாம் என்று ஒரு நண்பர் சொன்னபோது சிரிப்புத்தான் வந்தது. கண்டியிலேயே போத்தலில் உறைவது, 1,868 மீற்றர் உயரத்தில் தாங்கிக்குள் உறையாமல் இருக்குமா?

ஆயினும், 2022ஆம் ஆண்டில் டீசல் வரிசையில் லொறிக்குள்ளேயே படுத்துறங்கி, ஜூன் மாத இறுதியில் லீற்றர் 460 ரூபாய் என்ற அறிவிப்பைக் கேட்டு, அந்த விலைக்கும் டீசல் கிடைக்காமல் வெறுந்தாங்கியோடு வீடு திரும்பிய ஒருவனுக்கு, மாற்று எரிபொருள் என்ற பேச்சைச் சிரித்துத் தள்ளிவிடும் துணிவு நெடுநேரம் நிலைப்பதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்ட யாழ்ப்பாணத்தார் ஒரு துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அதைக் கண்ணால் கண்ட உறவினர் எங்கள் வீட்டிலேயே உண்டு. ஆகவே, பரீட்சித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

பரீட்சைக்கு உட்பட்ட வாகனம், தொண்ணூறுகளில் ஜப்பானிலிருந்து வந்த பழைய இசுசு எல்ஃப் லொறி. கண்டியிலிருந்து அரிசியும் மளிகையும் ஏற்றிப் போய், நுவரெலியாவிலிருந்து கரட், லீக்ஸ், பீட்ரூட் ஏற்றி வருவது அதன் தொழில். அதன் டீசல் பம்பு கம்ப்யூட்டரின் தலையீடு எதுவுமில்லாத பழைய யந்திரப் பம்பு என்பது எனக்குக் கிடைத்த பெரிய அநுகூலம். உயர் அழுத்தக் காமன் ரெயில் முறையிலுள்ள புதிய வாகனங்களைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் 5 அல்லது 7 சதவீதக் கலவைக்கு மேல் அனுமதிப்பதில்லை. அவற்றில் இத்தகைய விளையாட்டு வேண்டாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பயோடீசல் என்றதும் சமையலெண்ணெயை அப்படியே தாங்கியில் ஊற்றுவது என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியன்று. எண்ணெயோடு மெதனோலையும் சிறிது காரத்தையும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால், கிளிசரின் கனத்து அடியில் இறங்கிவிட, மேலே நீரோட்டமான ஒரு திரவம் மிஞ்சுகிறது. அதைக் கழுவி, ஈரம் போக உலர்த்தியெடுப்பதே பயோடீசல். மெதனோல் கண்ணைக் கெடுக்கும் விஷம், எளிதில் தீப்பற்றுவதும்கூட. ஆகையால் வீட்டு முற்றத்தில் இதைச் செய்துபார்க்க நான் துணியவில்லை. நான் டீசல் அடிக்கும் நிலையங்களிலும் இந்தக் கலவை விற்பனைக்கு இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் சிறிய அளவில் தயாரிப்பதில் இரண்டு வகை வாங்கிக்கொண்டேன்: ஒன்று தேங்காயெண்ணெயில் செய்தது; மற்றது உணவுக்கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயில், அதாவது பெரும்பகுதி முள்தேங்காய் எண்ணெயில் (பாம் எண்ணெயில்), செய்தது.

லொறியில் ஊற்றுமுன், நான்கு ஜாம் போத்தல்களில் முறையே வெறும் டீசல், தேங்காய்க் கலவை 20 சதவீதம், முள்தேங்காய்க் கலவை 20 சதவீதம், முள்தேங்காய்க் கலவை 50 சதவீதம் என நிரப்பி, நுவரெலியாவில் வழக்கமாகத் தங்கும் விடுதியின் பின்கட்டு ஜன்னல் விளிம்பில் ஓர் இரவு வைத்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு வெப்பமானி 8 பாகை காட்டிற்று. தையிலும் மாசியிலும் சில விடியல்களில் புல்நுனியில் உறைபனி படிந்து, தேயிலைக் கொழுந்தையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக்கிவிடும் ஊர் அது. எனவே இதைக் கடுங்குளிர் என்று சொல்வதற்கில்லை. கைவிளக்கைப் போத்தல்களுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். முதல் மூன்றும் தெளிவாயிருந்தன. மூன்றாவதில் மட்டும், உற்றுப் பார்த்தால், அடியில் மெல்லிய புகைபோல் ஒரு கலங்கல். நான்காவது போத்தலோ, கஞ்சித் தண்ணீர்போல் முழுவதும் வெண்மையாகி, சாய்த்தபோது சுவரில் சிறு மணிகள் ஒட்டிக்கொண்டு நின்றது. கண்டி வீட்டில் கட்டியாய் உறையும் தேங்காயெண்ணெயின் பிள்ளை நுவரெலியாவில் தெளிந்து நிற்க, கண்டியில் பெரும்பாலும் இளகியே இருக்கும் பொரிப்பெண்ணெயின் பிள்ளை அங்கே உறைந்துவிட்டது!

இந்த விநோதத்துக்குக் காரணம் ரசாயனத்தில் இருக்கிறது. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு குட்டையானது. கிளிசரினோடு கட்டுண்டிருக்கும் வரை அது எளிதில் உறையும். கிளிசரினை நீக்கி மெதனோலோடு இணைத்துவிட்டாலோ 5 பாகை அளவில்தான் திண்மமாகும். மற்றச் சரக்குகளோடு கலந்திருக்கும்போது தேங்காய்ப் பயோடீசல் பூச்சிய பாகையை நெருங்கும்வரை பொதுவாகக் கலங்குவதில்லை. முள்தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இருப்பது பால்மிட்டிக் அமிலம். அது நீண்ட மூலக்கூறு. அதன் மெதனோல் சேர்க்கை தனித்திருந்தால் 30 பாகையிலேயே உறைந்துவிடும். ஆகவே கலப்பில்லாத முள்தேங்காய்ப் பயோடீசல் 16 பாகையை ஒட்டியே கலங்கத் தொடங்குகிறது. மலேசியாவில் 2019இல் 10 சதவீத முள்தேங்காய்க் கலவையை நாடெங்கும் கட்டாயமாக்கியபோது, கமரன் மலை, கெந்திங் மலை, குண்டாசாங் ஆகிய குளிர்ப் பிரதேசங்களுக்கு விலக்களித்து 7 சதவீதத்தோடு நிறுத்தினார்கள் என்பதன் தாத்பரியம் அந்த ஜன்னல் விளிம்பில்தான் எனக்கு விளங்கிற்று. 1938இல் பிரசல்ஸுக்கும் லூவேனுக்கும் இடையே முள்தேங்காய் எண்ணெயிலிருந்து செய்த இத்தகைய எரிபொருளில் பஸ் ஓட்டிப் பார்த்தவர்களும் அதைக் கோடைகாலத்தில்தான் ஓட்டினார்கள்.

முதற் பிரயாணம் தேங்காய்க் கலவை 20 சதவீதத்தோடு. பேராதனை தாண்டி மகாவலியை ஒட்டிப் போகையில், யந்திரத்தின் உறுமல் சற்று மிருதுவாகியிருப்பதைச் சாரதியும் நானும் ஒருங்கே உணர்ந்தோம். இந்த எரிபொருள் டீசலைவிட விரைவில் பற்றிக்கொள்வது இதற்குக் காரணமாகலாம். புகை குறைந்தது கண்கூடு. நாற்புறமும் மலை சூழ்ந்த கிண்ணத்தில் புகை தேங்கி நிற்கும் கண்டி நகரவாசிக்கும், ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்கு வண்டியை நிறுத்தி நெஞ்சு படபடக்கும் லொறிச் சொந்தக்காரருக்கும் இது அற்ப விஷயமன்று. கம்பளைச் சந்தியில் நின்றபோது, பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் எங்கள் புகையின் மணம் பிடித்து, எங்கே வடை சுடுகிறார்கள் என்று தலையை நீட்டிப் பார்த்தார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் லொறி இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது.

"நான் அப்பவே சொன்னேனே ஐயா, எண்ணெய் உறைஞ்சிருச்சுங்க. வண்டிக்குச் சளி பிடிச்சிருச்சு" என்றார் சாரதி. உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் சாதாரணத் தேங்காயெண்ணெயே உறையாது. பில்டரைக் கழற்றி வெட்டிப் பார்த்தால், உள்ளே தார்போன்ற கறுப்பு வண்டல். பயோடீசல் ஒரு நல்ல கரைப்பான். முப்பது வருஷமாக எங்கள் தாங்கியின் அடியில் படிந்திருந்த அழுக்கையெல்லாம் கரைத்துக் கொண்டுவந்து பில்டரில் சேர்த்துவிட்டது. இது குளிரின் குற்றமன்று, எரிபொருளின் குற்றமுமன்று. தாங்கியைக் கழுவாமல் புறப்பட்ட என் குற்றம். புதுப் பில்டர் மாட்டி, கைப்பம்பை அடித்து எயார் எடுத்த பிறகு, புசல்லாவைக்கும் இறம்பொடைக்கும் லொறி முணுமுணுப்பில்லாமல் ஏறிற்று. இறம்பொடைச் சுரங்கத்துக்கு அப்பாலுள்ள வளைவுகளிலும் வழக்கமான கியரே போதுமாயிருந்தது. அன்றிரவு நுவரெலியாவில் நிறுத்தி வைத்து, மறுநாள் 8 பாகையில் சாவியைத் திருப்பியபோது, மூன்றாம் சுற்றில் கிளம்பிற்று. வெறும் டீசலில் கிளம்புவதற்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று.

இரண்டாம் பிரயாணத்தில் வேண்டுமென்றே முள்தேங்காய்க் கலவை 50 சதவீதம் ஊற்றினேன். பயோடீசலின் ஒரு லீற்றரில் அடங்கிய சக்தி டீசலைவிட ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறைவு. இருபது சதவீதத்தில் தெரியாத அந்தக் குறை, ஐம்பது சதவீதத்தில் லபுக்கலை ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கவைத்துத் தன்னைக் காட்டிக்கொண்டது. மறுநாள் விடியலில் வெப்பமானியில் 7 பாகை. யந்திரம் உடனே கிளம்பியதைக் கண்டு சாரதி என்னை ஏளனமாகப் பார்த்தார். குழாயில் மிச்சமிருந்த கொஞ்சம் எரிபொருள் தீர்ந்தவுடன், இரண்டு நிமிஷத்துக்குள், அது மூச்சடங்கிப்போயிற்று. இம்முறை பில்டருக்குள் இருந்தது கறுப்பு வண்டலன்று. குளிர்காலத்து நெய்போல வெளிர்மஞ்சள் குழம்பு. பில்டரைச் சுற்றிப் பழந்துணியைக் கட்டி, விடுதியில் தேநீருக்கு வைத்திருந்த வெந்நீரை மெல்ல ஊற்றினோம். கால்மணி நேரத்தில் குழம்பு இளகி லொறி கிளம்பிற்று. ஓடத் தொடங்கிய பின், யந்திரத்தில் சூடேறித் தாங்கிக்குத் திரும்பும் எரிபொருளே மிச்சத்தை இளக்கிவிட்டது. சூடு காட்டியதும் வழிவிட்டால் அது குளிரின் அடைப்பு. சூடு காட்டியும் வழிவிடாவிட்டால் அது வண்டல், அல்லது அரைகுறையாகத் தயாரித்த எண்ணெயின் கசடு.

வேறு சில குறைகளையும் மறைப்பதற்கில்லை. பழைய ரப்பர்க் குழாய்களைப் பயோடீசல் ஊறவைத்து மெத்தென்றாக்கிவிடுகிறது; எங்கள் லொறியில் ஒரு குழாய் இரண்டு மாதத்தில் வியர்க்கத் தொடங்கியது, மாற்றினோம். காற்றின் ஈரத்தை இது டீசலைவிட அதிகம் உறிஞ்சுவதால், மழைநாட்டில் நீர்ப்பிரிப்பானை வாரந்தோறும் திறந்துவிட வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் சேமித்து வைப்பதும் உசிதமன்று. கண்டி, மாத்தளை, கம்பளை என்று கீழேயே ஓடும் பழைய லொறிக்கு எவ்வகை எண்ணெயில் செய்ததாயினும் 20 சதவீதம் ஆட்சேபத்துக்கு இடமில்லாதது. இரவில் நுவரெலியாவில் தங்கும் வண்டிக்குத் தேங்காய்க் கலவை 20 சதவீதத்தை மட்டுமே நான் சிபாரிசு செய்வேன்; பொரிப்பெண்ணெய்க் கலவையானால் தையிலும் மாசியிலும் அறவே வேண்டாம். என் லொறி இப்பொழுது அவ்வாறே ஓடுகிறது. ஆசனத்துக்கு அடியில் ஒரு புதுப் பில்டர் எப்பொழுதும் இருக்கிறது.

இதை வாங்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன் எந்த எண்ணெயில் செய்தது என்று கேளுங்கள். விற்கிறவர் என்ன சொன்னாலும், ஊற்ற நினைக்கும் கலவையில் ஒரு சிறு போத்தல் எடுத்து, இறுக மூடி, உணவுப் பண்டங்களை அகற்றிவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வையுங்கள். அங்குள்ள குளிர் நுவரெலியாவின் சாதாரண விடியலைவிடச் சற்று அதிகம். காலையில் போத்தலுக்குப் பின்னால் பத்திரிகையைப் பிடித்தால் எழுத்துத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அந்த எண்ணெயோடு மலையேறாதீர்கள்.