பதிவேட்டில் உறையும் வசவு

கட்டுமாவடிக்காரர் ஒருவர் தாத்தா காலத்து நிலத்துக்கு ஆதாரம் தேடினால், புதுக்கோட்டை சமஸ்தானத்துக் காகிதங்களைப் புரட்டிப் பயனில்லை. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் பிறக்கும்வரை அறந்தாங்கிப் பக்கமெல்லாம் தஞ்சாவூர் மாவட்டம். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னரின் சீமை அல்ல, வெள்ளைக்காரன் சீமை. செட்டில்மென்ட் பதிவேடு, கலெக்டர் கடிதங்கள் என்று தேடினால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம்வரை போகவேண்டிவரும். அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்றால், அங்கே அவருடைய முன்னோர் ‘பஞ்சமர்’ என்றோ ‘கூலி’ என்றோ, துரையும் நம்மூர் குமாஸ்தாவும் சேர்ந்து சூட்டிய பெயரில்தான் இருப்பார்கள்.

இத்தகைய சொற்களை ஆவணப் பட்டியல்களில் அப்படியே விடுவதா என்று இன்று பல நாட்டுக் காப்பகங்கள் யோசிக்கின்றன. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் ‘சட்டவிரோத அந்நியர்’ என்ற பொருள்தலைப்பை 2021-இல் கைவிட்டது. நமக்கு இது புதுச் சங்கதி அல்ல. தலித் தலைவர் எம்.சி. ராஜா போன்றோரின் வற்புறுத்தலால் சென்னை அரசு 1922-லேயே ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்பதற்குப் பதில் ‘ஆதிதிராவிடர்’ என்று எழுத ஆணையிட்டது. அரசு ஆவணங்களிலிருந்து, தலித் குடியிருப்பைக் குறிக்கும் ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார்.

சொல்லை மாற்றும் இந்த நடைமுறையின் நியாயம் எளிது. ஆவணம் செத்துப்போனவர்களின் பேச்சு. பட்டியலோ இன்று சம்பளம் வாங்கும் ஒருவர் எழுதுவது. குடும்ப வரலாறு தேடி வருகிறவரைக் காப்பகத்தின் பட்டியலே ஏசினால், அதற்குப் பழைய துரையைக் காரணம் காட்ட முடியாது.

ஆனால் ‘இந்தச் சொற்கள் ஆகாது’ என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது போலீஸ் சுட்டது. அந்தக் கோப்புக்கு ‘பெருங்காமநல்லூர் கலகம்’ என்று தலைப்பிட்டால் அதில் வசவு ஒன்றுமில்லை. எந்தத் தணிக்கைப் பட்டியலிலும் சிக்காது. சுட்டவர் மட்டும் மறைந்துபோகிறார். அதே காலத்தில் புதுக்கோட்டை அரியணையில் இருந்தவரும் கள்ளர்தான், பிரிட்டிஷ் பீரங்கி மரியாதையோடு. ஆகவே எந்தச் சட்டம், எந்த ஆண்டு, யார் யாரைக் குற்றவாளி என்று அறிவித்தது என்பதைப் பட்டியலில் கோப்பை விவரிப்பவர் எழுதியாக வேண்டும். சொல்லை மாற்றுவதைவிட இது கடினம். அதனாலேயே தட்டிக்கழிக்கப்படுகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து, பட்டியலோடு நில்லாமல் பதிவேட்டிலும் கைவைப்பது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கத் தொடங்கிய நிலத்தை இன்றும் ‘பஞ்சமி நிலம்’ என்றுதான் சொல்கிறோம். வருணம் நான்குக்கும் வெளியே தள்ளிய பெயர் அது. பத்து வருஷம் விற்கக்கூடாது, அதன்பிறகும் அவ்வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நிலப் பதிவேட்டில் சர்வே எண், பரப்பு, பட்டாதாரர் பெயர் எல்லாம் தாண்டி, குறிப்புக் கட்டத்தில் ‘டி.சி.’ என்று இரண்டெழுத்து. ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். நிலம் கைமாறிப்போன பிறகு, மீட்கப் போகிறவர் கையில் இருக்கும் ஆயுதம் அந்த இரண்டெழுத்துதான். பழைய பதிவேட்டில் இருந்த இக்குறிப்பு, நிலவுடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தின் பதிவேட்டில் காணாமல் போனது என்பது பஞ்சமி நிலத்துக்குப் போராடுவோரின் நெடுநாள் புகார். அதை அழித்தவர்கள் யாரும் நாகரிகம் கருதி அழிக்கவில்லை என்பது வேறு விஷயம். நாகரிகம் கருதி அழித்திருந்தாலும் நிலம் போனது போனதுதான்.

பெயர்களும் ஒரு நிலையில் நிற்பதில்லை. ஏழு சாதிகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரில் சேர்க்க 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இன்றைய பெயரை மட்டும் வைத்துப் பட்டியலைத் திருத்தினால், நூறாண்டுக்கு முந்தைய கோப்பு தேடலில் அகப்படாது. பழைய பெயரிலும் புதிய பெயரிலும் தேடினால் ஒரே கோப்பு வரும்படி இணைப்பது செலவு பிடிக்கும், ஆள் பிடிக்கும் வேலை. கூடவே பட்டியலில் எதை, யார், எப்போது மாற்றினார்கள் என்ற குறிப்பும் வேண்டும். 1922-இல் ‘பஞ்சமர்’ என்பதை மாற்றியவர்கள் 817 என்று அரசாணை எண் போட்டுத்தான் மாற்றினார்கள்.